வியட்நாம் போர், கட்டாய ஆட்சேர்ப்பு, 1968 அமெரிக்க அதிபர் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தனை வருஷம் கழித்தும் 1968 தேர்தலை ஏன் பேசுகிறோம்?

1964-இல் 61 சதவீத வாக்கு வாங்கி, ஐம்பதில் 44 மாநிலங்களை அள்ளிய ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன், நான்கே வருஷத்தில் 'மறுபடி நிற்கமாட்டேன்' என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டு ஒதுங்கினார். நாட்டில் வேலை இருந்தது. சிவில் உரிமைச் சட்டங்கள், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று அவர் செய்தவையும் கொஞ்சநஞ்சமல்ல. அவரைக் கவிழ்த்தது வியட்நாம், கம்யூனிஸ்ட் வடக்கு வியட்நாமுக்கு எதிராகத் தெற்கு வியட்நாமின் பக்கம் நின்று அமெரிக்கா நடத்திய போர். அந்தப் போருக்கு ஆள் பிடித்த முறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கோ தூரத்தில் நடக்கும் போரை மக்கள் பல வருஷம் பொறுத்துக்கொள்வார்கள், தங்கள் வீட்டுப் பையனுக்கு அரசாங்கக் கடிதம் வரும்வரை.

ஆனால் 'இளைஞர்கள் போராடினார்கள், ஆட்சி மாறியது' என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. போருக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோருக்கு ஓட்டே கிடையாது. போரை உடனே நிறுத்த ஓட்டுப் போட நினைத்தவர்களுக்கோ, நவம்பரில் முக்கியக் கட்சிகள் இரண்டிலும் அப்படி ஒரு வேட்பாளரே இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜான்சன் எப்படி இந்தப் போருக்குள் போனார்?

படிப்படியாக, ஒவ்வொரு படியையும் சின்னதாகக் காட்டிக்கொண்டே போனார். 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடா தீர்மானம் வந்தது. அதிபர் தேவையென்று கருதும் ராணுவ நடவடிக்கையை எடுக்கலாம் என்று நாடாளுமன்றம் ஏறக்குறைய வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும். அந்த வருஷத் தேர்தல் பிரச்சாரத்தில், ஆசியப் பையன்கள் தங்களுக்காகச் செய்துகொள்ள வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பையன்களைப் பல்லாயிரம் மைல் தாண்டி அனுப்பமாட்டோம் என்று ஜான்சன் பேசினார். ஐந்து மாதத்துக்குள், 1965 மார்ச்சில், அமெரிக்க மரைன் படை தெற்கு வியட்நாமின் டா நாங்கில் இறங்கியது. 1968 முடிவில் அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு முடிவு உண்டு. 1965 ஜூலையில் கூடுதல் படை வேண்டும் என்று வந்தபோது, ஏற்கெனவே பயிற்சி பெற்ற ரிசர்வ் படையை அழைக்க ராணுவத் தலைமை விரும்பியது. ஜான்சன் மறுத்தார். ரிசர்வ் படையினர் குடும்பம், வேலை, உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவர்கள். அவர்களை அழைத்தால் நாடு முழுக்க விவாதம் கிளம்பும். அதற்குப் பதிலாக மாதம் 17,000 பேர் என்றிருந்த கட்டாய ஆட்சேர்ப்பை 35,000 ஆக்கினார். சத்தம் வராமல் போரைப் பெரிதாக்கும் வழி என்று அவர் நம்பியது இது. அந்தச் சத்தம்தான் மூன்று வருஷம் கழித்து அவர் வாசலுக்கே வந்தது.

கட்டாய ஆட்சேர்ப்பு எப்படி நடந்தது? யார் போனார்கள், யார் தப்பினார்கள்?

18 வயதானதும் ஒவ்வொரு ஆணும் பதிவு செய்ய வேண்டும். கையில் ஒரு டிராஃப்ட் அட்டை கொடுப்பார்கள். அதில் உங்கள் வகை இருக்கும்: 1-ஏ என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், 2-எஸ் என்றால் மாணவர், இப்போதைக்கு விலக்கு, 4-எஃப் என்றால் உடல்தகுதி இல்லை. யாரை எந்த வகையில் போடுவது என்று முடிவு செய்தது நாடெங்கும் இருந்த சுமார் 4,000 உள்ளூர்க் குழுக்கள். அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஜெனரல் லூயிஸ் ஹெர்ஷி, 1941-இலிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர்.

இந்த ஏற்பாட்டின் அநியாயம் அதன் விதியிலேயே இருந்தது. கல்லூரிக்குப் போக வசதி இருந்தால் நான்கு வருஷம் தள்ளிப்போடலாம். குடும்ப மருத்துவர் இருந்தால் ஒரு சான்றிதழ் வாங்கலாம். செல்வாக்கு இருந்தால் மாநில நேஷனல் கார்டு படையில் இடம் பிடிக்கலாம், அவர்களை வியட்நாமுக்கு அனுப்பியது மிகக் குறைவு. இது எதுவுமில்லாத தொழிலாளி வீட்டுப் பையன், கறுப்பினப் பையன், சிற்றூர்ப் பையன் பள்ளிக்கூடம் முடித்ததும் 1-ஏ. போதாக்குறைக்கு 1966-இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாரா, அதுவரை தகுதித் தேர்வில் தோற்றவர்களையும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் வீதம் சேர்க்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழைகளுக்குப் பயிற்சியும் வாய்ப்பும் என்றுதான் அதை விளக்கினார்கள். அவர்களில் பலர் நேராகப் போர்முனைக்குப் போனார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அது தணியவும் இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால், 1966-இல் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். போர்க்காலம் முழுக்கச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். 26 வயதுவரை இந்தப் பயம் தலைமேல் இருந்தது. கல்யாணம், வேலை, மேற்படிப்பு எதையும் நிச்சயமாகத் திட்டமிட முடியாது.

வியட்நாமில் சண்டையிட்ட எல்லாருமே கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களா?

இல்லை. அங்கே பணியாற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் அப்படி. ஆனால் 'எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள், நாமே போனால் கடற்படையோ விமானப்படையோ கிடைக்கும்' என்று முந்திக்கொண்டு சேர்ந்தவர்கள் நிறைய. அவர்களைத் தன்னார்வலர் கணக்கில் வைப்பது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர்களுக்கு ஓட்டு இருந்ததா?

பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுரிமை வயது 21. ஜார்ஜியா, கென்டக்கியில் மட்டும் 18. அலாஸ்காவில் 19, ஹவாயில் 20. ஆகவே 19 வயதுப் பையனை அரசாங்கம் நெல்வயலில் துப்பாக்கியோடு இறக்கிவிடலாம், ஆனால் அவனை அனுப்பிய அதிபரைப் பற்றி அவன் கருத்துச் சொல்ல வாக்குச்சாவடியில் இடமில்லை. கட்டாய ஆட்சேர்ப்பு தேர்தலை உலுக்கியது உண்மை. ஆனால் அது பெற்றோர் வழியாகவும் தெருவழியாகவும் கட்சிக்குள்ளிருந்த பிளவின் வழியாகவும் நடந்ததே தவிர, அந்தப் பையன்களின் சொந்த ஓட்டால் அல்ல.

நியூ ஹாம்ப்ஷயரில் ஜான்சன் ஜெயித்தார் என்கிறார்கள், தோற்றார் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ஓட்டுக் கணக்கில் ஜெயித்தார், அரசியலில் தோற்றார்.

அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகப் பிரைமரி தேர்தல் நடக்கும். பதவியில் இருக்கும் அதிபரை அவர் கட்சிக்காரரே எதிர்ப்பது அபூர்வம். ஆலார்ட் லோவன்ஸ்டீன் என்ற செயல்பாட்டாளர் 'ஜான்சனை இறக்குவோம்' என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். கொல்லப்பட்ட அதிபர் ஜான் கென்னடியின் தம்பியும் செனட்டருமான ராபர்ட் கென்னடி மறுத்தார், வேறு சிலரும் மறுத்தார்கள். 1967 நவம்பர் 30-ஆம் தேதி மின்னசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி சம்மதித்தார். அமைதியானவர், கவிதை எழுதுபவர், ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

அப்புறம் 1968 ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல். வடக்கு வியட்நாமும், தெற்கிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களான வியட்காங்கும் தெற்கின் நகரங்களை ஒரே நேரத்தில் தாக்கின, சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். ராணுவ ரீதியில் தாக்கியவர்களுக்குத்தான் பலத்த இழப்பு. ஆனால் சில வாரங்களுக்கு முன்புதான் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை இனி யார் நம்புவது? பிப்ரவரி நடுவில் இன்னொரு அடி: மருத்துவம் போன்ற சில துறைகள் தவிர, பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான விலக்கு பெரும்பாலும் ரத்து. அதுவரை பாதுகாப்பாக இருந்த வீடுகளிலும் கவலை நுழைந்தது. மார்ச் 10 அன்று, மேலும் 2,06,000 வீரர்கள் கேட்கப்பட்டிருக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. இரண்டு நாளில் நியூ ஹாம்ப்ஷயர் தேர்தல்.

மெக்கார்த்திக்காக ஆயிரக்கணக்கான மாணவர்கள் பனியில் வீடு வீடாகப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று தாடியை மழித்து, முடியை வெட்டிக்கொண்டு போனார்கள். முடிவு: ஜான்சன் 49 சதவீதத்துக்குச் சற்று மேல், மெக்கார்த்தி சுமார் 42. ஜான்சனின் பெயர் வாக்குச்சீட்டில்கூட இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பதவியில் இருக்கும் ஒரு போர்க்கால அதிபர், பெயரே தெரியாத ஒரு செனட்டரிடம் இவ்வளவு நெருக்கமாக வந்தது போதுமானதாக இருந்தது.

மெக்கார்த்திக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் போர் எதிர்ப்பாளர்களா?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், மெக்கார்த்திக்குப் போட்டவர்களில் கணிசமானோர் ஜான்சன் இன்னும் கடுமையாகப் போரிட வேண்டும் என்று நினைத்தவர்கள் என்று தெரிந்தது. போர் பிடிக்கவில்லை என்பதற்கு 'வெளியேறு' என்றும் அர்த்தம் இருந்தது, 'ஜெயி, இல்லாவிட்டால் முடி' என்றும் அர்த்தம் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் நவம்பர் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜான்சன் விலகியதற்குப் போர் மட்டும்தான் காரணமா?

உடல்நிலையும் ஒரு காரணம். 1955-இலேயே பெரிய மாரடைப்பு வந்தவர். மார்ச் 16-ஆம் தேதி ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தது இன்னொன்று. அடுத்து வந்த விஸ்கான்சின் பிரைமரியில் தோல்வி உறுதி என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள். ஆனால் மார்ச் 31 இரவு உரையைக் கவனியுங்கள்: வடக்கு வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துகிறேன், பேச்சுவார்த்தைக்குத் தயார் என்று சொல்லிவிட்டு, கடைசியில்தான் என் கட்சியின் வேட்பாளராக நிற்கவும் மாட்டேன், கேட்டாலும் ஏற்கமாட்டேன் என்றார். அவரே இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் பேசினார்.

ராபர்ட் கென்னடி கொல்லப்படாமல் இருந்திருந்தால்?

ஜூன் 4-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஜெயித்தார். அன்று நள்ளிரவு தாண்டிச் சுடப்பட்டார், 6-ஆம் தேதி இறந்தார். இருந்திருந்தால் அதிபராகியிருப்பார் என்று உறுதியாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை, ஏனென்றால் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அப்போதே வேறு பக்கம் இருந்தார்கள். ஆனால் கறுப்பின மக்களும் வெள்ளைத் தொழிலாளர்களும் ஒருசேர நம்பிய போர் எதிர்ப்பு வேட்பாளர் அவர் ஒருவர்தான். ஏப்ரல் 4-இல் மார்ட்டின் லூதர் கிங்கையும் இழந்திருந்த அந்த வருஷத்தில் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை ஓட்டுக் கணக்கு சொல்லாது.

பிரைமரியில் நிற்காமலே ஹம்ஃப்ரி எப்படி வேட்பாளரானார்? சிகாகோவில் என்ன நடந்தது?

அன்றைய விதி அப்படி. பதினைந்துக்கும் குறைவான மாநிலங்களில்தான் பிரைமரி. மற்ற இடங்களில் மேயர்கள், ஆளுநர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் கைகாட்டியவர்களே பிரதிநிதிகள். துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஏப்ரல் 27-இல் அறிவித்து, ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமல் பிரதிநிதிகளைச் சேர்த்துக்கொண்டார். மெக்கார்த்தியும் கென்னடியும் வாங்கிய லட்சக்கணக்கான ஓட்டுகள் அந்தக் கணக்கில் பெரிதாக எடுபடவில்லை.

ஹம்ஃப்ரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1965 பிப்ரவரியிலேயே, இந்தப் போரைப் பெரிதாக்கினால் அரசியலில் தாங்கமுடியாது என்று ஜான்சனுக்கு எழுத்துமூலம் எச்சரித்தவர் அவர். அதற்குத் தண்டனையாக வியட்நாம் ஆலோசனைகளிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டார். மறுபடி உள்ளே வருவதற்காகப் போரை உரத்த குரலில் ஆதரிக்கத் தொடங்கினார். தனக்குச் சரியென்று தெரிந்ததை விழுங்கிவிட்ட ஒரு நல்ல மனிதர் என்றுதான் அவரைப் பார்க்கிறேன், அதனால் என் மனம் இன்னும் கனக்கிறது.

ஆகஸ்ட் கடைசி வாரம் சிகாகோ மாநாடு. போரை முடிப்பதற்கான சமாதானத் தீர்மானத்தைப் போர் எதிர்ப்பாளர்கள் கொண்டுவந்தார்கள். அதன் வாசகத்தோடு ஹம்ஃப்ரி ஒத்துப்போகப் பார்த்தார், ஜான்சன் விடவில்லை. ஏறக்குறைய 1,040 வாக்குக்கு 1,570 என்று தீர்மானம் தோற்றது. தோற்ற பக்கத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு இருந்தது என்பதைப் பாருங்கள், ஆளும் கட்சியின் சொந்த மாநாட்டில்! வெளியே மேயர் ரிச்சர்ட் டேலியின் போலீஸ் மிச்சிகன் அவென்யூவில் போராட்டக்காரர்களையும் பத்திரிகையாளர்களையும் வேடிக்கை பார்த்தவர்களையும் அடித்துத் துவைத்தது, கேமராக்கள் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பின்னால் வந்த விசாரணை அறிக்கை அதைப் 'போலீஸ் கலவரம்' என்றே குறிப்பிட்டது. ஆனால் அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலர் போலீஸ் பக்கம் நின்றார்கள். ஹம்ஃப்ரிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

நிக்சனிடம் போரை முடிக்க ரகசியத் திட்டம் இருந்ததா?

'ரகசியத் திட்டம்' என்ற சொல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் சொன்னதல்ல, ஆனால் அந்த நினைப்பை அவர் கலைக்கவும் இல்லை. புதிய தலைமை போரை முடித்து அமைதியை வெல்லும் என்றார்; எப்படி என்று கேட்டால், பேச்சுவார்த்தையைக் கெடுக்க விரும்பவில்லை என்பார். அவரைப் போர் எதிர்ப்பாளராகவும் நினைக்கலாம், போரை ஜெயிப்பவராகவும் நினைக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாகப் பேசினார். அக்டோபர் 17-ஆம் தேதி வானொலி உரையில், வியட்நாம் முடிந்ததும் கட்டாய ஆட்சேர்ப்பை ஒழித்து முழுக்கத் தன்னார்வப் படை அமைக்கலாம் என்றார். 18 வயதுப் பையனின் பெற்றோருக்கு அது நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாலஸ் எங்கே வருகிறார்?

அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினையைக் காத்தவர், தனிக் கட்சியாக நின்றார். போராட்டக்காரர்கள்மீது இருந்த வெறுப்பையும் சேர்த்து அறுவடை செய்தார். அக்டோபரில் துணை அதிபர் வேட்பாளராக அவர் அறிமுகப்படுத்திய ஜெனரல் கர்டிஸ் லெமே, அணுகுண்டைப் பயன்படுத்துவது பற்றி முதல் செய்தியாளர் கூட்டத்திலேயே சாதாரணமாகப் பேசினார். அங்கிருந்து சரிவு. ஆனாலும் 13.5 சதவீதமும் ஐந்து தென்மாநிலங்களும் கிடைத்தன.

கடைசி நாட்களில், போரை முடிப்பதற்கான பாரிஸ் பேச்சுவார்த்தை கெடுக்கப்பட்டதா?

ஆம், கெடுக்க முயற்சி நடந்தது. செப்டம்பர் 30-இல் சால்ட் லேக் சிட்டியில் ஹம்ஃப்ரி ஒருவழியாக ஜான்சனிடமிருந்து அரை அடி விலகி, அமைதிக்காகக் குண்டுவீச்சை நிறுத்தும் அபாயத்தை ஏற்கலாம் என்றார். கூட்டங்களில் கூச்சல் குறைந்தது, ஆதரவு ஏறியது. அக்டோபர் 31-இல் ஜான்சன் வடக்கின் மீதான குண்டுவீச்சை முழுக்க நிறுத்தினார். தேர்தலுக்கு ஐந்து நாள் இருந்தது.

நவம்பர் 2-ஆம் தேதி தெற்கு வியட்நாம் அதிபர் தியூ பாரிஸுக்கு வரமாட்டேன் என்று அறிவித்தார். நிக்சனுக்காக நிதி திரட்டிய ஆனா செனால்ட் என்பவர், தெற்கு வியட்நாம் தூதர் வழியாக 'பொறுங்கள், எங்கள் ஆட்சியில் நல்ல ஒப்பந்தம் கிடைக்கும்' என்ற செய்தியைக் கொண்டுபோனார். ஒட்டுக்கேட்டதில் ஜான்சனுக்கு இது தெரிந்தது. தன் நெருங்கிய வட்டத்தில் தேசத்துரோகம் என்றே சொன்னார். ஆனால் வெளியிட்டால் ஒட்டுக்கேட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், நிக்சனின் நேரடித் தொடர்புக்குக் கையில் ஆதாரமும் இல்லை. ஹம்ஃப்ரியும் பேசவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து வெளியான நிக்சனின் உதவியாளர் ஹால்டெமனின் குறிப்புகளில், முயற்சியைக் குலைக்கச் சொல்லி நிக்சனே கேட்டது பதிவாகியிருக்கிறது. செனால்ட் இல்லாவிட்டாலும் தியூ தயங்கியிருப்பார் என்பது நியாயமான வாதம்தான். இருந்தாலும், அந்த வருஷம் மட்டும் 16,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும், அதைவிடப் பல மடங்கு வியட்நாமியர்களும் செத்துக்கொண்டிருந்தபோது ஓட்டுக்காக இதில் கைவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைசியில், ஹம்ஃப்ரியைத் தோற்கடித்தது போர்தானா?

நிக்சன் 43.4 சதவீதம், ஹம்ஃப்ரி 42.7. ஏழு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளில் வித்தியாசம் சுமார் ஐந்து லட்சம். ஆனால் அமெரிக்காவில் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரித் தேர்வாளர் வாக்குகள்: நிக்சன் 301, ஹம்ஃப்ரி 191, வாலஸ் 46. தேவை 270. கலிஃபோர்னியாவின் 40 மட்டும் கைமாறியிருந்தால் நிக்சனுக்குப் பெரும்பான்மை இல்லை, முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும்.

என் கருத்து இது: இனப் பிரச்சினையும் நகரக் கலவரங்களும் சட்டம் ஒழுங்கு பற்றிய பயமும் தெற்கில் ஜனநாயகக் கட்சியை எப்படியும் அரித்திருக்கும். ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்ட போர் எதிர்ப்பாளர்களையும், ஹம்ஃப்ரியை ஆதரிக்க அக்டோபர் 29 வரை காத்திருந்த மெக்கார்த்தியையும், சிகாகோவையும் உருவாக்கியது போர். இவ்வளவு நெருங்கிய தேர்தலில் அது போதும். இந்த இரண்டு வேட்பாளருக்கும் வியட்நாமில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அன்றைய வாக்காளரில் ஏராளமானோருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது வாக்காளர் குறையல்ல.

நிக்சன் சொன்னபடி ஆட்சேர்ப்பை நிறுத்தினாரா?

நிறுத்தினார், நாலு வருஷம் எடுத்துக்கொண்டு. முதலில் 1969 டிசம்பர் 1-இல் குலுக்கல் முறை வந்தது. வருஷத்தின் 366 தேதிகளையும் நீல நிறக் குப்பிகளில் போட்டுத் தொலைக்காட்சியில் எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14, அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்குத்தான் முதல் அழைப்பு. குப்பிகளைச் சரியாகக் கலக்காததால் வருஷக் கடைசியில் பிறந்தவர்களுக்கு முன்னெண்கள் அதிகம் விழுந்தன. 1973 ஜனவரியில் ஆட்சேர்ப்பு முடிந்தது. அதற்குள் நிக்சன் காலத்தில் மட்டும் மேலும் 20,000-க்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள்.

ஓட்டு வயதும் கட்சி விதிகளும் மாறியது இதனால்தானா?

ஆமாம். அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் 1971 ஜூலையில் ஓட்டு வயதை 18 ஆக்கியது. செனட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. சிகாகோ அவமானத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம் அமைத்தது, பிரதிநிதிகளைத் தலைவர்கள் கைகாட்டும் வழக்கம் ஒழிந்தது. இன்று ஐம்பது மாநிலங்களிலும் பிரைமரியோ அடிமட்டக் கூட்டங்களோ நடப்பதற்கு அதுதான் தொடக்கம். அந்த விதிகளில் ஜெயித்து 1972-இல் வேட்பாளரான போர் எதிர்ப்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், 49 மாநிலங்களில் தோற்றார். இளைஞர்கள் அவர் பின்னால் மொத்தமாகத் திரளவில்லை. கூப்பிடப்படும் பயம் அதற்குள் பெரும்பாலும் தணிந்திருந்தது.

போக மறுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

முகமது அலி 1967 ஏப்ரலில் ஹூஸ்டனில் தன் பெயரைக் கூப்பிட்டபோது முன்னால் வரவில்லை. பட்டம் பறிபோனது, ஐந்து வருஷச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார், 1971-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் குத்துச்சண்டை வாழ்க்கையின் சிறந்த மூன்று வருஷங்களுக்கு மேல் போய்விட்டன. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், பல்லாயிரம் பேர் கனடாவுக்குப் போனார்கள். 1977 ஜனவரி 21-ஆம் தேதி, பதவியேற்ற மறுநாளே, ஜிம்மி கார்ட்டர் ஆட்சேர்ப்பைத் தவிர்த்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். படையில் சேர்ந்தபின் ஓடிப்போனவர்களுக்கு அது பொருந்தவில்லை. கல்லூரியோ வழக்கறிஞரோ கனடா முகவரியோ இல்லாமல், முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு தாங்கமுடியாமல் ஓடிய ஏழைப் பையன்கள் அவர்களில் நிறையப் பேர்.